கார் வளர்ந்த கதை – 17: பொறிக்கு நேரம் குறித்த சிப்

சென்ற பகுதியை 1912-ல் நிறுத்தியிருந்தோம். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த ஸ்டார்ட்டர், விளக்கு, இக்னிஷன் மூன்றும் ஒரே மின் ஏற்பாடாகக் காடிலாக்கில் வந்து சேர்ந்த ஆண்டு அது. ஒரு காயில், ஒரு ஜோடி பாயிண்ட், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் என்ற அந்த அமைப்பின் அடிப்படை அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு அசையவில்லை. ஆகவே இந்த வாரம் அந்த அறுபது ஆண்டுகளை வேகமாகக் கடந்து 1970களின் டெட்ராய்ட்டுக்குப் போய்விடலாம்.

1976-லிருந்து 1979-க்குள், ஸ்பார்க் பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை ஸ்பிரிங்கிடமிருந்து கம்ப்யூட்டருக்குக் கைமாறியது. காருக்குள் கம்ப்யூட்டர் எந்த வழியாக நுழைந்தது என்று கேட்டால், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வழியாக என்றுதான் பலரும் சொல்வார்கள். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-லேயே டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அது டிரான்சிஸ்டர்களைக் கோத்த ஒரு சுற்று. நிரலைப் படித்துக் கணக்குப் போடும் மைக்ரோபிராசசர் காரில் முதலில் எடுத்துக்கொண்ட வேலை பொறியின் நேரம்தான். ஏன் அந்த வேலை, ஏன் அந்த ஆண்டுகளில் என்பதே இந்தப் பகுதி.

பிஸ்டன் மேலே ஏறி, காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையை அழுத்தி, மேல்முனையைத் தொட்டுத் திரும்புகிறது. கலவை வெடிப்பதாகப் பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது எரிகிறது. பிளக்கின் முனையில் பிறக்கும் சுடர் சிலிண்டர் முழுவதும் பரவ, ஏறத்தாழ 2 மில்லி வினாடி பிடிக்கும். எரிந்த வாயுவின் அழுத்தம் உச்சத்துக்கு வர வேண்டியது, பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி கிராங்க் ஷாஃப்ட் மேலும் 10 முதல் 15 டிகிரி திரும்பியிருக்கும்போது. அதனால் பிஸ்டன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே பொறி விழுந்தாக வேண்டும். ஒரே உரலில் இருவர் மாறி மாறி உலக்கை போடும்போது ஒருவர் கொஞ்சம் முந்தினாலும் உலக்கையோடு உலக்கை மோதும். பிந்தினால் குத்து வீணாகும். இங்கேயும் அதேதான். பொறி அதிகமாக முந்தினால், ஏறிவரும் பிஸ்டனை வாயு எதிர்த்துத் தள்ளும். பிந்தினால், இறங்கி ஓடும் பிஸ்டனைத் துரத்தியபடியே சுடர் எரிந்து, சூடெல்லாம் சைலன்சர் வழியே வெளியே போய்விடும்.

எவ்வளவு முந்த வேண்டும் என்பதில்தான் சிக்கல். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஐடிலிங்கில் நிற்கும் எஞ்சினில், 2 மில்லி வினாடிக்குள் கிராங்க் ஷாஃப்ட் 7 டிகிரி சொச்சம் திரும்பும். 3,000 சுற்றில் அதே நேரத்துக்குள் 36 டிகிரி திரும்பிவிடும். வேகம் கூடக் கூடப் பொறியை முன்னால் தள்ள வேண்டும். ஆனால் வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் சுழற்சியும் கூடி, சுடரும் விரைவாகப் பரவும். ஆகவே நேர்க்கோட்டுக் கணக்கு உதவாது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சமதளத்தில் போகும்போது உள்ளே கலவை குறைவு, முந்தைய சுற்றின் புகை மிச்சம் அதிகம். எரிதல் மந்தமாகும், பொறி இன்னும் முந்த வேண்டும். மேடு ஏறும்போது முழுக்க மிதித்தால் கலவை நெருங்கி நிற்கும். சீக்கிரம் எரியும், பொறி பிந்தலாம். பிந்தாவிட்டால், சுடர் போய்ச் சேருமுன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தம் தாங்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும் நாக்கிங் அதுதான். நீடித்தால் பிஸ்டனின் தலையே ஓட்டையாகிவிடும். எஞ்சின் சூடு, வெளிக்காற்றின் சூடு, கடல் மட்டத்திலிருந்து உயரம், பெட்ரோலின் ஆக்டேன் என்று ஒவ்வொன்றும் இந்தக் கணக்கை மாற்றும்.

தொடக்க காலத்தில் இந்தக் கணக்கு முழுவதும் ஓட்டுநர் கையில் இருந்தது. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி காரின் ஸ்டியரிங்குக்கு அடியில் இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். வலப்பக்கத்தது பெட்ரோலுக்கு, இடப்பக்கத்தது பொறிக்கு. கைப்பிடியைச் சுழற்றி வண்டியைக் கிளப்புமுன் இடது நெம்புகோலை மேலே தள்ளிப் பொறியைப் பிந்த வைக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்து, கைப்பிடி மணிக்கட்டை முறித்துவிடும். மருத்துவர்கள் அந்த எலும்பு முறிவுக்கு ஓட்டுநர்களின் பெயரையே வைத்திருந்தார்கள் என்றால் அது எத்தனை பேரைத் தாக்கியிருக்க வேண்டும்! வண்டி கிளம்பிய பிறகு ஓட்டுநர் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நெம்புகோலைக் கீழே இழுத்து வருவார். நல்ல ஓட்டுநருக்கு அடையாளமே அந்தக் கைப்பழக்கம்தான்.

பிறகு அந்த நெம்புகோல் மறைந்தது. அதன் வேலையை டிஸ்ட்ரிபியூட்டர் எடுத்துக்கொண்டது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஓட்டியவர்களுக்கு அந்தக் கறுப்பு மூடி நன்றாகவே நினைவிருக்கும். மூடியையும் ரோட்டரையும் கழற்றி, பாயிண்ட் அமர்ந்திருக்கும் தட்டுக்கு அடியில் பார்த்தால், விரல் நுனி அளவில் இரண்டு உலோகத் துண்டுகள் சிறு ஸ்பிரிங்குகளில் மாட்டியிருக்கும். தண்டு சுழலும் வேகத்தில் துண்டுகள் வெளியே விரியும். விரிந்தால் பாயிண்டைத் திறக்கும் கேம் சில டிகிரி முன்னால் நகரும். வேகத்துக்கான கணக்கு அவ்வளவுதான். பக்கவாட்டில் தட்டையான டப்பா ஒன்று. அதற்குள் ரப்பர் சவ்வு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கார்புரேட்டர் பக்கம் போகும். எஞ்சின் காற்றை உறிஞ்சும் வெற்றிடத்தில் சவ்வு இழுபட்டு, பாயிண்ட் தட்டைத் திருப்பும். சுமைக்கான கணக்கு அது. ஸ்பிரிங் தளரும், கேம் தேயும், சவ்வு கிழியும். மெக்கானிக் டைமிங் லைட்டைப் பிடித்து, டிஸ்ட்ரிபியூட்டரை இம்மியளவு திருப்பி, மறுபடி சரிசெய்வார். இரண்டு எடைத்துண்டும் ஒரு சவ்வும் போட்ட இந்தத் தோராயக் கணக்கில்தான் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வண்டிகள் ஓடின. பெட்ரோல் மலிவாக இருந்தவரை, புகையை யாரும் அளக்காதவரை, அந்தத் தோராயம் போதுமானதாக இருந்தது.

புகையை அளக்க வைத்தது லாஸ் ஏஞ்சலஸ். அந்த ஊரின் கண் எரியும் மூட்டத்துக்கு, எரியாமல் வெளிவரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிவதே காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். 1970 டிசம்பர் 31 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டம், ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 1975 மாடலுக்குள் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கெடு பின்னால் தள்ளிப்போனது. ஆனால் திசை மாறவில்லை.

நிறுவனங்கள் முதலில் கைவைத்தது பொறியின் நேரத்தில். காரணம் எளிது, செலவில்லை. பொறியைப் பிந்த வைத்தால் சிலிண்டரின் உச்ச வெப்பம் குறையும், நைட்ரஜன் ஆக்சைடு குறையும். வெளியேறும் வாயு சூடாக இருப்பதால் மிச்ச ஹைட்ரோகார்பன் குழாயிலேயே எரிந்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் 1970 மாடல்களில், கீழ் கியர்களில் ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வெற்றிடத்தையே அடைக்கும் வால்வைப் பொருத்தியது. பொறி பிந்தினால் எஞ்சின் சூடாகும். ஆகவே தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது வெற்றிடத்தைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு வால்வு. ஒன்றின் தவறைத் திருத்த மற்றொன்று என்று, சில ஆண்டுகளில் பானெட்டுக்கு அடியில் ரப்பர் குழாய்க் காடே வளர்ந்துவிட்டது. வண்டிகள் இழுவை இழந்தன, பெட்ரோலைக் குடித்தன. அந்தக் கால அமெரிக்கக் கார்களைச் சட்டம் கெடுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சட்டம் கேட்ட கேள்வி சரியானது. அதற்கு ரப்பர் குழாயால் பதில் சொல்லப் பார்த்ததுதான் தவறு.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. 1975 இறுதியில் அமெரிக்க அரசு, ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1978-ல் கேலனுக்கு 18 மைலாகவும் 1985-ல் 27.5 மைலாகவும் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நம் கணக்கில் லிட்டருக்கு 7.7 கிலோமீட்டரிலிருந்து 11.7 கிலோமீட்டர். இப்போது முட்டுச்சந்து. புகையைக் குறைக்கப் பொறியைப் பிந்த வை என்கிறது ஒரு சட்டம். மைலேஜுக்குப் பொறியை முந்த வை என்கிறது இன்னொன்று. எந்தக் கணத்தில் எவ்வளவு முந்தலாம், எங்கே பிந்த வேண்டும் என்று ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகத் தெரிந்தால் மட்டுமே இரண்டையும் நிறைவேற்ற முடியும். இரண்டு எடைத்துண்டுகளுக்கு அது தெரிய வழியில்லை.

முதலில் துணிந்தது கிரைஸ்லர். அந்த நிறுவனத்துக்கு அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லில் ஒரு மின்னணுப் பிரிவு இருந்தது. விண்வெளி ராக்கெட் வேலைகளில் கிரைஸ்லர் ஈடுபட்டிருந்த ஊர் அது. அங்கே உருவான கருவியோடு 1976 மாடலில் ‘எலெக்ட்ரானிக் லீன் பர்ன்’ வந்தது. சரியாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை. கிரைஸ்லர் 18 பங்கு வரை காற்றைக் கூட்டியது. அப்படி மெலிந்த கலவை புகையைக் குறைக்கும், ஆனால் மெதுவாக எரியும். பொறியின் நேரம் ஒவ்வொரு கணமும் துல்லியமாக இருந்தால்தான் வண்டி இடறாமல் ஓடும். எஞ்சின் சூடு, உள்ளே வரும் காற்றின் சூடு, த்ராட்டில் திறப்பு, வெற்றிடம் என்று பல சென்சார்கள் ஒரு பெட்டிக்கு மின்னழுத்தத்தை அனுப்பின. பெட்டி அவற்றைக் கூட்டிக் கழித்து, பொறிக்கு ஆணையிட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு பிக்கப் காயில்கள் வந்தன. ஒன்று வண்டியைக் கிளப்ப, மற்றது ஓடும்போது. ஓடும்போதான காயில் செத்துப்போனாலும், கிளப்பும் காயிலில் நிலையான டைமிங்கோடு வண்டி தட்டுத்தடுமாறி வீடு வந்து சேரும். இன்று எஞ்சின் விளக்கு எரிந்தபின்னும் மெதுவாக உருட்டிக்கொண்டு வர முடிகிறதே, அந்த ஏற்பாட்டின் தொடக்க வடிவங்களில் இது ஒன்று.

ஆனால் பெட்டியை வைத்த இடம் மோசம். ஏர் கிளீனரின் பக்கவாட்டில், எஞ்சினின் தலைமேலேயே அதைத் தொங்கவிட்டார்கள். வெக்கை, அதிர்வு, பக்கத்திலேயே இருபதாயிரம் வோல்ட் ஓடும் பிளக் ஒயர்கள். பெட்டிகள் செத்தன. ஒர்க்‌ஷாப்களில் அதைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டிய மெக்கானிக்குகள் ஏராளம். அதோடு, அது அனலாக் கம்ப்யூட்டர். கணக்கு முழுவதும் ரெசிஸ்டரிலும் கெபாசிட்டரிலும் கட்டியிருந்தது. வேறு எஞ்சினுக்கு வேறு கணக்கு வேண்டுமென்றால் சுற்றையே மாற்ற வேண்டும். லீன் பர்னைத் தோல்விகளின் பட்டியலில் சேர்ப்பது வழக்கம். அதை நான் ஏற்கவில்லை. பொறியின் நேரத்தை ஸ்பிரிங்கிடமிருந்து பிடுங்கி மின்னணுவிடம் கொடுத்து, ஷோரூமில் நிறுத்தி விற்ற துணிச்சல் கிரைஸ்லருடையது.

அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் சரியான கருவியைக் கொண்டுவந்தது. 1977 மாடல் ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ, நீண்ட முகப்பும் 403 கன அங்குல வி-8 எஞ்சினும் கொண்ட சொகுசு வண்டி. அதில் டெல்கோ-ரெமி செய்த ‘மைசார்’ என்ற அமைப்பு இருந்தது. விற்பனைக்கு வந்த காரில் பொறியின் நேரத்தை மைக்ரோபிராசசர் கணக்கிட்டது அதுவே முதல் தடவை. சிப் ராக்வெல் நிறுவனத்துடையது.

அது செய்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்று உங்கள் வண்டி செய்வதும் இதையேதான். கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் பள்ளங்கள் வெட்டிய ஒரு தகடு. பக்கத்தில் ஒரு சென்சார். தகடு சுழலும்போது வரும் துடிப்பிலிருந்து பிஸ்டன் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம் என்று சிப்புக்குத் தெரிந்துவிடும். இதுவரை அந்தத் தகவல் டைமிங் செயின், கேம் ஷாஃப்ட், பல்சக்கரம் என்று மூன்று கை மாறி டிஸ்ட்ரிபியூட்டருக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தளர்வு. அந்தப் பிழை ஒரே அடியில் ஒழிந்தது. வெற்றிடம், வெளிக்காற்றின் அழுத்தம், தண்ணீரின் சூடு ஆகியவற்றையும் தனித்தனி சென்சார்கள் சொல்லும். சிப்பின் நினைவகத்தில் ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் வேகம், மறு பக்கம் சுமை. ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை டிகிரி என்று ஓர் எண். டெஸ்ட் பெஞ்சில் எஞ்சினை ஓட்டி ஓட்டி, கட்டம் கட்டமாகப் புகையையும் பெட்ரோலையும் அளந்து பொறியாளர்கள் நிரப்பிய எண்கள் அவை. அட்டவணையில் இல்லாத வேகம் வந்தால், பக்கத்துக் கட்டங்களை வைத்துச் சிப் இடைமதிப்பைக் கணிக்கும். எட்டு சிலிண்டர் எஞ்சின் 4,000 சுற்றில் ஓடும்போது ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் இடையே 4 மில்லி வினாடிகூட இல்லை. அந்தக் காலத்துச் சிப் அதற்குள் இத்தனையும் முடித்தாக வேண்டும்.

எடைத்துண்டால் ஒரே ஒரு வளைகோட்டைத்தான் வரைய முடியும். அட்டவணைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரு கட்டத்தில் 20 டிகிரி, பக்கத்துக் கட்டத்தில் 31, அதற்கடுத்து 24 என்று எஞ்சின் கேட்பதை அப்படியே எழுதலாம். அடுத்த ஆண்டு சட்டம் மாறினால் எண்களை மாற்றினால் போதும், இரும்பில் கைவைக்க வேண்டாம். காரின் வரலாற்றில் டொரனாடோவின் அந்தப் பெட்டிக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

ஃபோர்டின் கதை இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. இன்டெல் 4004 விற்பனைக்கு வந்தது 1971 நவம்பரில். மைக்ரோபிராசசர் பிறந்த அதே ஆண்டில் ஃபோர்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிப்புக்காக ஜப்பானின் தோஷிபாவோடு வேலையைத் தொடங்கிவிட்டது. கடிகாரத்துக்கும் கால்குலேட்டருக்கும் சிப் செய்துகொண்டிருந்த காலத்தில், பானெட்டின் சூட்டுக்கும் மறு ஓரத்தில் உறைபனிக்கும் தாங்குகிற ஒன்றைக் கேட்டார்கள். 1973-ல் 12 பிட் சிப் தயாரானது. அதைச் சுமந்துகொண்டு 1978 மாடல் லிங்கன் வெர்சேல்ஸ் வந்தது. ‘ஈஈசி-ஒன்று’ என்ற அந்த அமைப்பு பொறியின் நேரத்தோடு, எரிந்த வாயுவில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் திருப்பும் வால்வையும் சேர்த்து ஆண்டது. கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் நான்கு பற்கள் கொண்ட வளையம். எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு சுற்றுக்கு நான்கு பொறி. டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தது, ஆனால் நேரத்தில் அதற்கு எந்தப் பேச்சும் இல்லை. வந்த மின்சாரத்தை எந்தப் பிளக்குக்கு என்று பிரித்துக் கொடுப்பதோடு சரி.

1979-ல் மியூனிக்கிலிருந்து பி.எம்.டபிள்யூ 732ஐ வந்தது. பாஷின் மோட்ரானிக் அதில் பெட்ரோல் பீய்ச்சுவதையும் பொறியின் நேரத்தையும் ஒரே பெட்டியில், ஒரே சென்சார்களை வைத்து முடிவு செய்தது. இன்ஜெக்‌ஷனும் இக்னிஷனும் அங்கே ஒன்றாயின. இன்றைய எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ அந்த வழியில் வந்ததுதான்.

1981-ல் ஜெனரல் மோட்டார்ஸ், அமெரிக்காவில் விற்ற தன் பெட்ரோல் கார்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் எஞ்சின் கம்ப்யூட்டரைப் பொருத்திவிட்டது. டொரனாடோவிலிருந்து எண்ணினால் நான்கே ஆண்டுகள்.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அட்டவணையில் உள்ள எண்கள் டெஸ்ட் பெஞ்சில், நல்ல பெட்ரோலில் எழுதியவை. ஓட்டுநர் ஆக்டேன் குறைந்த பெட்ரோலை ஊற்றினால், வெயில் நேரத்தில் மலை ஏறினால், சிப்புக்கு அது எப்படித் தெரியும்? எஞ்சினின் உடம்பில் ஒட்டிக்கொண்டு நாக்கிங்கைக் கேட்டு, பொறியை உடனே பின்வாங்க வைக்கும் சென்சாரை 1978-ல் பியூக் தன் டர்போ வி-6 எஞ்சினில் பொருத்தியது. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.